லினோலியத்தில் செதுக்கிய மேல்முறையீடு: ஸ்காட்ஸ்பரோ வழக்கும் எதிர்ப்பு அச்சுப்படங்களும்

அமெரிக்காவில் 1920-களிலும் 30-களிலும் வெளிவந்த சில கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். படத்தில் இருப்பது கொலை. தலைப்பில் இருப்பதோ கோர்ட் பாஷை. ஒரு மனிதரை உயிரோடு எரிக்கும் படத்துக்கு ‘சட்டம் மெதுவாகப் போகிறது’ என்று பெயர். கழுத்தில் கயிற்றோடு கிடக்கும் உடலைக் காட்டும் படத்துக்கு ‘அடையாளம் தெரியாத நபர்களால்’ என்று பெயர். கும்பல் செய்த கொலையைக் கண்டிக்கும் ஓவியர் ஏன் நீதிமன்றத்தின் வார்த்தைகளை எடுத்துத் தலைப்பாக வைக்க வேண்டும்?

அந்தத் தலைப்புகளைப் புரிந்துகொண்டால், 1931-ல் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ ஊரில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடந்ததும் புரியும். அந்த வழக்கைக் கலைஞர்கள் ஏன் எண்ணெய் வண்ண ஓவியமாகத் தீட்டாமல், தரையில் விரிக்கும் லினோலியத்தில் செதுக்கினார்கள் என்பதும் விளங்கும்.

அச்சுப்படம் என்றால் என்ன

பள்ளியில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு, தாளில் பூ அச்சிட்டிருப்போம். அதுதான் புடைப்பு அச்சின் அடிப்படை. மேடாக நிற்கும் இடம் மையை வாங்கும், பள்ளமான இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். ரப்பர் ஸ்டாம்ப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தக் கதைக்கு இரண்டு முறைகள் தெரிந்தால் போதும்.

1. லினோகட். லினோலியம் 1860-களில் இங்கிலாந்தில் உருவான தரைவிரிப்புப் பொருள். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூளைச் சேர்த்து, சணல் துணி மேல் படிய வைத்துச் செய்வது. மரத்தைப் போல இதில் நரம்போட்டம் கிடையாது, எந்தத் திசையிலும் உளி வழுக்கிக்கொண்டு போகும். செதுக்கிய துண்டின் மேல் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம். அச்சு இயந்திரம் இல்லையென்றால் கரண்டியின் முதுகால் தேய்த்தே பிரதி எடுத்துவிடலாம்.

2. லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் ஒதுக்கிவிடும். பென்சில் கோட்டின் மென்மை, புகை போன்ற சாம்பல் நிறங்கள் எல்லாம் அப்படியே தாளுக்கு வரும்.

இரண்டுக்கும் பொதுவானது, ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம் என்பது. விலை குறைவு. சுவரில் ஒட்டலாம், பத்திரிகையில் போடலாம், விற்று நிதி திரட்டலாம், உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். ஒரே ஒரு ஓவியமாக இருந்தால் அதை வாங்கியவர் வீட்டுச் சுவரோடு போய்விடும்.

லினோகட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. செதுக்காத துண்டை அப்படியே அச்சிட்டால் முழுத் தாளும் கறுப்பாக வரும். உளி தொட்ட இடத்தில்தான் வெளிச்சம் பிறக்கும். இரவை வரைய ஓவியர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, விட்டுவைத்த இடமெல்லாம் இரவுதான். நள்ளிரவில் நடந்த கொலைகளைச் சொல்ல வந்தவர்களுக்கு இந்தக் குணம் எவ்வளவு பொருந்தியது என்பது ஹேல் வுட்ரஃப் என்ற ஓவியர் செய்த படங்களில் தெரியும்.

‘சட்டம் மெதுவாகப் போகிறது’

லிஞ்சிங் என்ற சொல்லைத் தமிழில் கும்பல் கொலை என்கிறோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதற்குக் குறிப்பான பொருள் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பினத்தவரை, பெரும்பாலும் வழக்கே நடக்காமல், சில சமயம் சிறையிலிருந்தே இழுத்து வந்து, ஊர் கூடிக் கொல்வது. 1877-க்கும் 1950-க்கும் இடையில் தென்மாநிலங்களில் மட்டும் 4,000-க்கும் அதிகமான கறுப்பினத்தவர் இப்படிக் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

கும்பல் சொன்ன நியாயம் எப்போதும் ஒன்றுதான். கோர்ட்டுக்கு விட்டால் இழுத்தடிப்பார்கள், தண்டனை கிடைக்காது, ஆகவே நாங்களே முடித்துவிட்டோம். நியூயார்க் ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1923-ல் ஒரு பத்திரிகைக் கதைக்காகச் செய்த கல்லச்சுக்கு இந்தச் சாக்கையே தலைப்பாக வைத்தார். இரவு நேரம். கட்டிப்போட்ட ஒரு மனிதரைத் தீ தின்கிறது. கல்லச்சு தரும் அந்தச் சாம்பல் நிறங்களில், தீயின் வெளிச்சம் எரிபவர் உடலில் பட்டு, சுற்றி நிற்கிறவர்கள் முகத்திலும் தெறிக்கிறது. எரிப்பவர்களுக்கு முகம் இருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் குற்றச்சாட்டு.

இந்தச் சாக்கு எவ்வளவு பொய் என்பது எட்டே வருடத்தில் ஸ்காட்ஸ்பரோவில் தெரிந்தது. அங்கே சட்டம் மெதுவாகப் போகவே இல்லை.

‘அடையாளம் தெரியாத நபர்களால்’

கொலை நடந்த பிறகு ஊரில் ஒரு மரண விசாரணை நடக்கும். இறப்புக்குக் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரம் பேர் கூடி நின்று பார்த்த கொலைக்கும் அந்தத் தாளில் எழுதப்பட்ட வழக்கமான வரி, ‘அடையாளம் தெரியாத நபர்களால் மரணம்’. இத்தனைக்கும் கொலையாளிகள் உடலின் அருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்கப்பட்டன. முகங்கள் தெளிவாகத் தெரியும் படங்கள் கடையில் கிடைக்கும் ஊரில், விசாரணை அதிகாரிக்கு மட்டும் ஒருவரையும் தெரியவில்லை.

கேமரா கொலைகாரர்கள் கையில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே காட்சியைப் பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து காட்ட வேறொரு கருவி தேவைப்பட்டது.

அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்த கறுப்பினக் கலைஞர் ஹேல் வுட்ரஃப் 1935-ல் இரண்டு லினோகட்களைச் செய்தார். ஒன்றின் தலைப்பு, குதிரையை ஓட்டும்போது வண்டிக்காரர் போடும் அதட்டல். நம் ஊரில் ‘ஹை, ஹை’ என்போமே, அதுதான். வண்டி மேல் கழுத்தில் சுருக்கோடு ஒரு மனிதர் நிற்கிறார், சுற்றிலும் கத்தும் கும்பல். வண்டி நகர்ந்தால் அவர் தொங்குவார். படம் அந்தக் கணத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறது. நடக்கப்போகும் கொலையைத் தலைப்பில் உள்ள ஒற்றைச் சொல் முடித்து வைக்கிறது.

மற்றதுதான் ‘அடையாளம் தெரியாத நபர்களால்’. இதில் கும்பல் இல்லை. இரவில், பழைய மரத் தேவாலயம் ஒன்றின் வாசலில், கொல்லப்பட்டவரின் உடலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுத்தில் கயிறு அப்படியே இருக்கிறது. கொலையாளி யாரையும் வுட்ரஃப் வரையவில்லை, மரண விசாரணைத் தாளில் எப்படி இல்லையோ அப்படியே படத்திலும் இல்லை. அதிகாரி ஒளிக்கப் பயன்படுத்திய வரியை அவர் உடலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அந்த இடத்தில் வைத்துப் படிக்கும்போது அந்த வரி தானே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது.

இரண்டு படங்களும் 1935 பிப்ரவரியில் நியூயார்க்கில், கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபி நடத்திய கண்காட்சியில் இடம்பெற்றன. இடம் தருவதாகச் சொன்ன கேலரி ஒன்று கடைசி நேரத்தில் பின்வாங்கியது. ஆர்தர் நியூட்டன் கேலரி இடம் கொடுத்தது. கண்காட்சியின் நோக்கம் வெளிப்படையானது. காவலில் இருப்பவரைக் கும்பலிடமிருந்து காக்கத் தவறும் அதிகாரிகளைத் தண்டிக்கும் மசோதா அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தது. அதற்கு ஆதரவு திரட்ட வேண்டும். தென்மாநில உறுப்பினர்கள் முடிவில்லாமல் பேசிப் பேசியே அந்த மசோதாவைச் சாகடித்தார்கள். லிஞ்சிங்கை மத்தியக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச்சில்தான் வந்தது.

பதினைந்து நாளில் எட்டு மரண தண்டனை

இனி அலபாமா. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் வேகம் தெரியும்.

1. 1931 மார்ச் 25. பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் சரக்கு ரயில்களில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்வார்கள். சாட்டனூகாவிலிருந்து கிளம்பிய ஒரு ரயிலில் வெள்ளை இளைஞர்களுக்கும் கறுப்பு இளைஞர்களுக்கும் சண்டை. இறக்கிவிடப்பட்ட வெள்ளையர்கள் புகார் கொடுத்தார்கள்.

2. பெயின்ட் ராக் என்ற ஊரில் ஆயுதம் ஏந்திய ஆட்கள் ரயிலை நிறுத்தி ஒன்பது பேரைப் பிடித்தார்கள். மிக இளையவருக்கு 13 வயது, ஒருவருக்கும் இருபதைத் தாண்டவில்லை. பலருக்கு ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், தங்களை இவர்கள் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள்.

3. அன்றிரவே ஸ்காட்ஸ்பரோ சிறையைக் கும்பல் சூழ்ந்தது. தேசியக் காவல்படை வந்து நின்றதால் உயிர் தப்பினார்கள்.

4. ஏப்ரல் 6-ல் விசாரணை. மரண தண்டனை வழக்கு இது. நீதிபதி குறிப்பிட்டு எந்த வக்கீலையும் நியமிக்கவில்லை, ஊரில் உள்ள எல்லா வக்கீல்களுக்கும் பொதுவாகப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். எல்லோர் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லாமல் போனது. கடைசியில் நின்றவர்கள் வெளியூரிலிருந்து வந்த ரியல் எஸ்டேட் வக்கீல் ஒருவர், எழுபதை நெருங்கிய உள்ளூர் வக்கீல் ஒருவர். கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

5. முதல் இருவருக்குத் தீர்ப்பு வந்ததும் வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தம், அடுத்தவரின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த, தீர்ப்புச் சொல்லும் குழுவான ஜூரியின் காதிலும் விழுந்தது.

6. ஏப்ரல் 9-க்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 13 வயதுச் சிறுவனுக்கு அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது, ஆனால் ஜூரிகளில் பெரும்பாலோர் மரண தண்டனைதான் வேண்டும் என்று நின்றதால் ஒருமித்த தீர்ப்பு வராமல் போனது.

கைதிலிருந்து தண்டனை வரை பதினைந்து நாள். கும்பல் கலைந்து போனதற்கு விலையாகக் கும்பல் விரும்பிய முடிவை நீதிமன்றம் தந்துவிட்டது. இதைத்தான் அன்றைய போராட்டக்காரர்கள் ‘சட்டபூர்வ லிஞ்சிங்’ என்றார்கள். கயிறு இருக்கும் இடத்தில் மின்சார நாற்காலி, கும்பல் இருக்கும் இடத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. நீதிபதி, சாட்சி, வாதம், முத்திரை எல்லாம் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அநியாயம் கண்ணில் படாது. கயிறும் தீயும் இருக்கும் காட்சியை வரைவது எளிது. முறைப்படி நடந்த விசாரணையைக் கொலை என்று எப்படி வரைவது? ஸ்காட்ஸ்பரோவை எடுத்த கலைஞர்களின் சவால் இதுதான்.

கல்லிலும் லினோலியத்திலும்

வழக்கைக் கையிலெடுத்தது கம்யூனிஸ்டுகளோடு தொடர்புள்ள சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு. என்ஏஏசிபிக்கும் அதற்கும் கடும் போட்டி. கோர்ட்டில் வாதாடினால் மட்டும் போதாது, உலகம் பார்க்கிறது என்று அலபாமா உணர வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பின் வழி. சிறையில் இருந்தவர்களின் தாய்மார்கள் மேடைகளில் பேசினார்கள், அவர்களில் ஏடா ரைட் 1932-ல் ஐரோப்பா வரை போனார். அந்தக் கூட்டங்களுக்குச் சுவரொட்டி வேண்டும், துண்டுப் பிரசுரம் வேண்டும், விற்க ஏதாவது வேண்டும். அச்சுப்படங்கள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932-ல் நான்கு கவிதைகளும் ஒரு நாடகமும் கொண்ட சிறு நூலை வெளியிட்டார். படங்கள் கல்லச்சில், பிரென்டிஸ் டெய்லர் என்ற வெள்ளை இளைஞர் செய்தவை. ஒரு படத்தில் ஒன்பது பேரும் சரக்குப் பெட்டியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இன்னொன்றில் கறுப்பு இயேசு ஒருவர் கைகளை விரித்து நிற்க, பக்கத்தில் தாய், அருகே பருத்திச் செடிகள். சிலுவையையும் பருத்தியையும் ஒரே படத்தில் வைத்தது, ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகும் அலபாமாவைப் பார்த்து எழுப்பிய கேள்வி. விற்ற பணம் வழக்குச் செலவுக்குப் போனது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1935-ல் சியாட்டில் நகரில் உருவான ஒரு தொகுப்பு. லின் ஷி கான், டோனி பெரெஸ் என்ற இருவர் 118 லினோகட்களில் ஸ்காட்ஸ்பரோ கதையைச் சொன்னார்கள். இருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாக எதுவும் பதிவாகவில்லை. தொகுப்பின் பிரதி ஒன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாமிமென்ட் நூலகத்தில் கிடைத்து, 2002-ல்தான் நூலாக அச்சேறியது.

சவாலுக்கு இவர்கள் கண்ட வழி, கதையை ரயிலில் தொடங்காமல் இருந்தது. தொகுப்பு அடிமை வணிகத்தில் தொடங்குகிறது. பிறகு பருத்தி வயல், கூலி உழைப்பு, அதற்குப் பிறகுதான் ரயில், கோர்ட், மின்சார நாற்காலி. முடிவில் கறுப்பு வெள்ளைத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்கிறார்கள். வழக்கறிஞரால் இதைச் செய்யவே முடியாது. சாட்சியச் சட்டம் அனுமதிப்பது அன்று, அந்த ரயிலில் நடந்ததை மட்டும். பல நூறு வருடத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினால் நீதிபதி உட்காரச் சொல்லிவிடுவார். படத்தொகுப்புக்கு அந்தத் தடை கிடையாது. அடிமைக் கப்பலைப் பார்த்த கண்ணோடு பக்கங்களைப் புரட்டி வந்து கோர்ட் படத்தைப் பார்க்கிறவருக்கு, அங்கே உட்கார்ந்திருக்கும் ஜூரி புதிதாக வந்தவர்களாகத் தெரியமாட்டார்கள்.

சிவப்புக் கோட்டின் மேல் ஆறு பெயர்கள்

படங்கள் வெளியே ஓட, வழக்கு உள்ளே நடந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு முறை தலையிட்டது.

முதல் தீர்ப்பு 1932 நவம்பரில் வந்தது. மரண தண்டனை வழக்கில் பெயரளவுக்கு வக்கீல் இருந்தால் போதாது, உண்மையில் உதவக்கூடிய வக்கீல் வேண்டும். அது இல்லாததால் தண்டனைகள் செல்லாது.

மறுவிசாரணை 1933-ல் டெக்கேட்டர் நகரில் நடந்தது. குற்றம் சாட்டிய பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாக வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கூண்டில் சொன்னார். ஜூரி அதையும் கேட்டுவிட்டு மறுபடி மரண தண்டனையே விதித்தது. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் சாட்சியங்களை அலசி, இது நிற்காது என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் பதவி போனது. நேர்மையாக எழுதிய ஒரு தீர்ப்புக்கு அவர் கொடுத்த விலை அது.

இரண்டாவது தலையீடு ஜூரியைப் பற்றியது. இந்தியாவில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1960-களில் வழக்கொழிந்து 1973 சட்டத்தோடு போய்விட்டதால், இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. அமெரிக்காவில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதி இல்லை, ஊர்மக்களிலிருந்து எடுக்கப்படும் ஜூரி. யாரை எடுக்கலாம் என்று மாவட்டம் ஒரு பெயர்ப் பதிவேடு வைத்திருக்கும். ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்கள்கூட ஒரு கறுப்பினத்தவர் ஜூரியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இதை ஒன்பது பேர் தரப்பு வக்கீல் சாமுவேல் லீபோவிட்ஸ் எழுப்பியபோது, பதிவேட்டில் கறுப்பினத்தவர் பெயர்கள் இருக்கின்றனவே என்று அரசுத் தரப்பு ஆறு பெயர்களைக் காட்டியது.

பதிவேட்டில் பழைய பட்டியல் முடியும் இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். கையெழுத்து நிபுணர் பார்த்தபோது, அந்தப் பெயர்களின் மை சிவப்புக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. கோடு முதலில், பெயர் பிறகு. பிரச்சினை கிளம்பிய பிறகு யாரோ இடைச்செருகியிருக்கிறார்கள். 1935 பிப்ரவரியில், நியூயார்க்கில் வுட்ரஃபின் படங்கள் மாட்டப்பட்டிருந்த அதே மாதம், வாஷிங்டனில் லீபோவிட்ஸ் அந்தப் பதிவேட்டை உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் கொடுத்தார், கூடவே ஒரு பூதக்கண்ணாடியையும். நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். ஏப்ரல் 1-ல் தீர்ப்பு: கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கிய ஜூரியின் தண்டனை செல்லாது.

அச்சுக்கலை தெரிந்தவர் யாரும் இந்த இடத்தை எளிதில் கடந்துபோக முடியாது. எந்த மை முதலில் படிந்தது, எது மேலே ஏறியது என்ற கேள்விதான் ஓர் உயிர் பிழைக்குமா என்பதைத் தீர்மானித்தது.

படங்களால் ஆனது, ஆகாதது

அச்சுப்படங்கள் இவர்களை விடுவித்தன என்று சொன்னால் அது மிகை. தீர்ப்பை மாற்றியது பூதக்கண்ணாடியும் வாதமும்தான். ஆனால் ஸ்காட்ஸ்பரோ வக்கீல்கள் உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போகப் பணம் வேண்டியிருந்தது. 1931 ஜூலை 10-க்குக் குறித்திருந்த மரண தண்டனை தள்ளிப்போய், வருடக்கணக்கில் வழக்கு உயிரோடு இருக்க ஊர் உலகத்தின் கவனம் வேண்டியிருந்தது. அந்தக் கவனத்தை உண்டாக்கிய பல வேலைகளில் படங்களும் ஒன்று.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். படங்களில் ஒன்பது பேரும் பெரும்பாலும் ஒரே உடலாகத் தெரிகிறார்கள், திரண்ட தோள்கள், நிமிர்ந்த தலை. நிஜத்தில் ஓலன் மாண்ட்கமரிக்குக் கண்பார்வை அநேகமாக இல்லை. வில்லி ராபர்சன் கடுமையான நோயால் கைத்தடி ஊன்றி நடந்தவர். குற்றச்சாட்டு எவ்வளவு அபத்தம் என்பதற்கு அந்தக் கண்களும் கைத்தடியுமே போதும். போராட்டச் சின்னமாக மாற்றும் வேகத்தில் அந்த மனிதர்கள் கை நழுவிவிட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தேவைப்பட்டது தொழிலாளி வர்க்கத்தின் முகம், பார்வை மங்கிய ஓர் இளைஞனின் முகம் இல்லை. இந்தப் படங்களை மதிக்கிறவர்கள்தான் இந்தக் குறையையும் சொல்ல வேண்டும்.

விடுதலையும் சீராக வரவில்லை. 1937-ல் நால்வர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதே சாட்சியம், அதே ரயில், ஆனால் மற்ற ஐவரும் சிறையில். கடைசி ஆள் வெளியே வந்தது 1950-ல். கிளாரன்ஸ் நாரிஸுக்கு 1976-ல் மன்னிப்பு வந்தது. மேலும் மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013 நவம்பரில், அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லாதபோது.

கால்கள் மட்டும்

வுட்ரஃப் கொலையாளிகளைப் படத்திலிருந்து முழுக்க நீக்கினார். பதினோரு வருடம் கழித்து எலிசபெத் கேட்லெட் அவர்களைக் கொஞ்சம் மட்டும் உள்ளே விட்டார். வாஷிங்டனில் பிறந்த கறுப்பினப் பெண் இவர். 1946-ல் மெக்சிகோ போய், மக்கள் அச்சுக்கூடம் என்ற கலைஞர் குழுவில் சேர்ந்தார். அங்கே செய்த பதினைந்து லினோகட்களில் கறுப்பினப் பெண் ஒருத்தி தன்மையில் பேசுவது போலத் தலைப்புகள் ஒன்றோடொன்று கோத்துப் போகும். அதில் ஒன்று, ‘என் அன்புக்குரியவர்களைப் பற்றித் தனியாக ஒரு பயமும்’. தரையில் ஒருவர் கிடக்கிறார், கழுத்தில் கயிறு. மேல் விளிம்பில் நிற்பவர்களின் கால்கள் மட்டும். அதற்கு மேலே படம் முடிந்துவிடுகிறது. ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்றால் எப்படி இருப்பார்கள் என்று கேட்டால், இப்படித்தான். கால் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, பெயர் கேட்கும் உயரத்தில் தாள் தீர்ந்துவிட்டது.

கேட்லெட் பின்னர் ஒரு வழக்கிலும் நேராக இறங்கினார். கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் கொலை, ஆள்கடத்தல் குற்றச்சாட்டுகளில் 1970 அக்டோபரில் கைதானார். 1972-ல் கேட்லெட் அவர் முகத்தை வெவ்வேறு நிறங்களில் திரும்பத் திரும்ப, வெள்ளித் தகடு போன்ற தாளில், துணித் திரை வழியே மை தள்ளும் பட்டுத்திரை அச்சாக எடுத்தார். லினோலியத்தின் இரவு போய்ப் பளபளப்பு வந்துவிட்டது. அவர் ஒரு முகத்தை ஒன்பதில் ஒன்றாக்காமல் ஒரே பெண்ணின் முகமாக வைத்ததும் கவனிக்க வேண்டியது. அந்த ஜூன் மாதம், முழுக்க வெள்ளையர் கொண்ட ஜூரி டேவிஸை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது.

பச்சை மை

1935 தீர்ப்போடு ஜூரிப் பிரச்சினை தீர்ந்திருந்தால் இந்தப் படங்கள் வெறும் வரலாறாக இருந்திருக்கும். பதிவேட்டில் பெயர் சேர்ந்த பிறகு, வழக்கு வரும்போது ஜூரியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் காரணம் சொல்லாமல் சிலரை விலக்கும் உரிமையை அரசு வக்கீல்கள் பயன்படுத்தினார்கள். இனத்தைக் காரணமாக வைத்து அப்படி விலக்கக் கூடாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும்:

1. 1987-ல் ஜார்ஜியா மாநிலத்தில் டிமோத்தி ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விதித்தது ஒரு முழு வெள்ளை ஜூரி. அரசு வக்கீல்களின் கோப்பு பல வருடம் கழித்து வெளியே வந்தது. ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் எல்லாம் பளீரென்ற பச்சை மையில் தீட்டப்பட்டு, பக்கத்தில் கறுப்பு என்பதன் முதல் எழுத்து குறிக்கப்பட்டிருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

2. மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே குற்றத்துக்காக ஒரே அரசு வக்கீல் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஆறு விசாரணைகளிலும் சேர்த்து 42 கறுப்பின ஜூரி வேட்பாளர்களில் 41 பேரை அரசுத் தரப்பு விலக்கியது. 2019-ல் அந்தத் தண்டனையும் ரத்தானது.

அலபாமாப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. ஜார்ஜியாக் கோப்பில் பச்சைத் தீற்றல். இரண்டும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பிப் போட்ட மை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹேல் வுட்ரஃபின் லினோகட்களைப் பார்க்கிறவர்கள் பக்கத்திலுள்ள குறிப்பையும் படிக்க வேண்டும். ‘1935, அச்சிட்டது 1996’ என்று இருக்கும். வுட்ரஃப் இறந்தது 1980-ல். அவர் அறுபது வருடத்துக்கு முன் செதுக்கிய துண்டுகளில் மறுபடி மை உருட்டி, மறுபடி தாள் வைத்து எடுத்த பிரதிகள் அவை.